ஒத்துழைக்காத பல் மருத்துவர்களுக்கான எளிய பதிப்பு

அதைத்தான் நானும் கேட்டேன். பாடமே இன்னும் தயாராகவில்லை, அந்தப் பாடத்தில் தேறிய சான்றிதழ் மட்டும் ஒன்றாம் தேதியிலிருந்து எப்படிக் கட்டாயமாகும் என்று. இயக்குநர் என்னை நிதானமாகப் பார்த்தார்.

"பாடம் தயார் பண்றது ஒரு பிரிவு, கட்டாயமாக்குறது வேற பிரிவு. அவங்க வேலையை அவங்க நேரத்துக்கு முடிச்சுட்டாங்க," என்றார்.

முடிக்காத பிரிவு எது என்று நான் கேட்கவில்லை. அது நான்தான். ஒரு மேசை, ஒரு கம்ப்யூட்டர், சுழலாத ஒரு சுழல்நாற்காலி, கதவில் 'தொடர்கல்விப் பிரிவு' என்று ஒரு பலகை. பலகையைத் தவிர மற்றதெல்லாம் தற்காலிகம், என்னையும் சேர்த்து.

சுற்றறிக்கையை நீங்கள் படித்திருக்க மாட்டீர்கள், நான் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நான் வேலை பார்க்கும் பல் மருத்துவ வாரியம், ஆட்டிசம் உள்ள குழந்தைகளுக்கு இனி யார் வேண்டுமானாலும் பல் பார்க்க முடியாது என்று முடிவு செய்தது. வாரியத்தின் ஆன்லைன் பயிற்சியில் தேறிய டாக்டர்கள் மட்டுமே பார்க்கலாம். மீறினால் பதிவு ரத்து. நல்ல நோக்கம்தான். அதன்படி ஒன்றாம் தேதி காலையிலிருந்து அந்தக் குழந்தைகளுக்கு எந்த டாக்டரும் பல் பார்க்க முடியாத நிலை வந்தது. குழந்தைகள் முழுப் பாதுகாப்போடு இருந்தார்கள்.

அவர்களில் ஒருத்தி என் அக்கா மகள். வீட்டில் அவளைத் தலைவி என்றுதான் கூப்பிடுவோம். யார் எந்த நாற்காலியில் உட்கார வேண்டும், எந்தச் செருப்பு எந்த மூலையில் இருக்க வேண்டும் என்பதெல்லாம் அவள் கையில். ஒன்பது வயது. அதிகம் பேச மாட்டாள், பேசினால் அது உத்தரவாக இருக்கும். அவளுடைய கீழ்க் கடைவாய்ப் பல் ஒன்று சொத்தையாகியிருந்தது. வலிக்கிறது என்று அவள் சொல்லவில்லை. ஜன்னல் கண்ணாடியில் இடது கன்னத்தை ஒட்டவைத்துக்கொண்டு மணிக்கணக்கில் நின்றாள். அப்படித்தான் எங்களுக்குத் தெரிந்தது.

அவளுக்கு ஒரு டாக்டரம்மா இருந்தார். சாவி வெட்டும் கடைக்கு மேலே, குறுகலான படியேறிப் போனால் இரண்டு அறை. அங்கே தலைவி ஏழு முறை போயிருக்கிறாள். முதல் முறை வாசல் வரைக்கும். இரண்டாம் முறை நாற்காலி வரைக்கும். பொத்தானை அவளே அமுக்கி நாற்காலியை ஏற்றுவதும் இறக்குவதுமாக அரை மணி நேரம் ஓடியது, டாக்டரம்மா அதற்குள் மதியச் சாப்பாட்டை முடித்துவிட்டார். அடுத்த முறை விளக்கு. முதலில் உள்ளங்கையில் வெளிச்சம் அடித்துக் காட்டினார், பிறகு முழங்கையில், பிறகு தாடையில். நான்காம் முறை தலைவி டாக்டரம்மாவை வாயைத் திறக்கச் சொல்லி அவர் பற்களை எண்ணினாள். இருபத்தெட்டு என்று அறிவித்தாள். அவர் ஒப்புக்கொண்ட பிறகே தன் வாயைத் திறந்தாள்.

ஐந்தாம் முறைதான் பெரிய விஷயம். கையைத் தூக்கினால் நிறுத்திவிடுவேன் என்று சொல்லிவிட்டு, பல்லைச் சுத்தம் செய்யும் சின்ன சுழல் பிரஷை டாக்டரம்மா ஓட்டினார். தலைவி உடனே கையைத் தூக்கினாள். நிறுத்தினார். ஓட்டினார், தூக்கினாள், நிறுத்தினார். இப்படிப் பதினொரு முறை. நானும் அக்காவும் மூலையில் உட்கார்ந்து மூச்சுவிடாமல் எண்ணிக்கொண்டிருந்தோம். பன்னிரண்டாவது முறை அவள் கை மடியிலேயே இருந்தது. அக்கா என் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

ஏன் என்றால், அதற்கு முன்னால் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக் கதை இருக்கிறது. தலைவிக்கு ஐந்து வயதில் ஒரு எக்ஸ்ரேக்காக நான்கு பேர் அவளைப் பிடித்து அமுக்கினார்கள். எக்ஸ்ரே நன்றாக வந்தது. கோப்பில் 'ஒத்துழைக்காத நோயாளி' என்று எழுதிக் கொடுத்தார்கள். அதற்குப் பிறகு ஒரு வருடம் அவள் யாருக்கும் வாயைத் திறக்கவில்லை, பிரஷோடு வந்த அக்காவுக்குக் கூட. அந்த ஒரு வருடத்தில்தான் பல் கெட்டது.

எட்டாம் முறை, நான்காம் தேதி, துளைத்துச் சொத்தையை எடுப்பதாக இருந்தது. ஒன்றாம் தேதி சுற்றறிக்கை அமலுக்கு வந்துவிட்டது. டாக்டரம்மா அக்காவுக்குப் போன் செய்தார். சொத்தை நரம்புக்குப் பக்கத்தில் போய்விட்டது, ஐந்து வாரம் தாங்கலாம், அதற்கு மேல் போனால் பல்லையே எடுக்க வேண்டும், அதைப் பெரிய ஆஸ்பத்திரியில் முழு மயக்கம் கொடுத்துத்தான் செய்ய முடியும், அங்கே வரிசை எட்டு மாதம் என்றார். வாரியத்தின் உதவி எண்ணுக்கு மூன்று முறை பேசினாராம். மூன்று முறையும் சான்றிதழ் எண்ணைச் சொல்லுங்கள் என்றார்களாம்.

அக்கா போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"உங்க ஆபீஸ் போட்ட பூட்டு. நீயே திற," என்றாள்.

நான்கு நாளில் பாடத்தை எழுதி முடித்தேன். டாக்டரம்மாவின் அறையில் பார்த்ததையெல்லாம் எழுதினேன், அவரிடமும் இன்னும் சில குழந்தைகளின் அம்மாக்களிடமும் கேட்டுச் சரிபார்த்தேன். மொத்தம் நாற்பது நிமிடம், முப்பத்தாறு பக்கம். பாட்டு கிடையாது. ஒவ்வொரு பக்கமும் அடுத்து என்ன வரும், எவ்வளவு நேரம் ஆகும் என்று முன்கூட்டியே சொல்லும். நிறுத்தும் பொத்தான் எப்போதும் ஒரே இடத்தில். கடைசியில் 'முடிந்தது' என்று ஒரு பக்கம், அவ்வளவுதான். தலைவிக்குப் போட்டுக் காட்டினேன். விளக்குப் பாடத்தை நான்கு முறை பார்த்தாள். பிறகு என் டம்ளரை கீபோர்டு பக்கத்திலிருந்து நகர்த்தி வைத்தாள். எங்கள் வீட்டில் அது விருது.

பாடம் ஒப்புதல் குழுவுக்குப் போனது. குழுவில் மூன்று பேர். தலைமை, இயக்குநர்தான். பாட நிபுணர் ஒரு பேராசிரியர், ஓய்வு பெற்றவர், அவருடைய துறை பல் செட். அதாவது நாற்பது வருடமாக அவரிடம் வந்தவர்கள் யாருக்கும் பற்கள் இல்லை. மூன்றாவது, கண்காணிப்பாளர் அம்மா. ஆன்லைன் தேர்வில் கேமராவுக்கு முன்னால் தன் போட்டோவை நிறுத்திவிட்டு டீ குடிக்கப் போன ஒரு டாக்டரைக் கையும் களவுமாகப் பிடித்தவர். அதிலிருந்து மனித இனத்தின் மேல் அவருக்கு நம்பிக்கை இல்லை.

பாடம் ஓடி முடிந்தது. மூன்று பேரும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்கள். நான் அதைப் பாராட்டு என்று நினைத்துக்கொண்டேன்.

"எல்லாம் சரிதாம்மா. இதுல வாரியம் எங்க?" என்றார் இயக்குநர்.

முதல் பக்கத்தில் வாரியத்தின் பெயர் இருக்கிறது என்றேன். பெயர் இருந்தால் போதுமா, உணர்வு வேண்டாமா என்றார். உணர்வுக்காக ஒரு ட்ரம்பெட் இசை சேர்க்கப்பட்டது. வாரியத்தின் முத்திரை சுழன்றுகொண்டே வந்து திரையில் மோதி நிற்கும், அப்போது ட்ரம்பெட் முழங்கும். ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு முறை. பிறகு இயக்குநரின் தொடக்கவுரை, பதினெட்டு நிமிடம், தலைப்பு பொறுமை. பதிவு செய்யும்போது மைக் இரண்டு இடத்தில் காதைக் கிழித்தது. திரும்ப எடுக்கலாமா என்று கேட்டேன். ஒரே மூச்சில் பேசியது, அந்த உணர்வு மறுபடி வராது என்றுவிட்டார்.

அடுத்த கூட்டம் கண்காணிப்பாளர் அம்மாவுடையது. அவர் நிறுத்தும் பொத்தானை எடுக்கச் சொன்னார்.

"நிறுத்துற வசதி குடுத்தா நிறுத்திடுவாங்கம்மா," என்றார். அதில் தவறு கண்டுபிடிக்க முடியவில்லை.

அடுத்து என்ன வரும் என்ற முன்னறிவிப்பும் போனது, தெரிந்தால் தூங்கிவிடுவார்களாம். அதற்குப் பதிலாக ஒரு மணி. எப்போது என்று தெரியாமல் அடிக்கும், திரை முழுக்கச் சிவப்பாக மின்னும், மூன்று நொடிக்குள் பச்சைப் பொத்தானை அமுக்க வேண்டும். இல்லாவிட்டால் பக்கம் முதலிலிருந்து தொடங்கும், ட்ரம்பெட்டோடு. பொத்தானும் ஒவ்வொரு முறையும் வேறு வேறு இடத்தில் வரும். கேமரா கட்டாயம். திரையில் ஒரு முட்டை வடிவம் இருக்கும், முகம் அதற்குள் இருக்க வேண்டும், கண் கேமராவைப் பார்க்க வேண்டும். கண் விலகினால் மறுபடி முதலிலிருந்து.

பன்னிரண்டாம் பக்கத்தில் நாமே 'கண்ணைப் பார்க்கச் சொல்லி வற்புறுத்தாதீர்கள், திடீர்ச் சத்தம் வேண்டாம்' என்று எழுதியிருக்கிறோமே என்றேன்.

"அது குழந்தைங்களுக்கு. இவங்க டாக்டருங்க, பார்த்தா என்ன குறைஞ்சா போயிடுவாங்க?" என்றார். பிறகு குரலைத் தணித்து, நான் இன்னும் சின்னப் பெண், மனிதர்களைப் பற்றிப் போகப் போகத் தெரிந்துகொள்வேன் என்று ஆறுதலும் சொன்னார்.

மூன்றாம் கூட்டத்தில் பேராசிரியர். பாடத்தில் ஒரு வீடியோ வைத்திருந்தேன். ஆட்டிசம் உள்ள பத்து வயதுப் பையன், பெற்றோர் சம்மதத்தோடு எடுத்தது. அவன் நாற்காலியில் உட்கார்ந்து, பல் பார்க்கும் குட்டிக் கண்ணாடியை வாங்கித் தன் வாய்க்குள் தானே பார்த்துக்கொள்வான். பேராசிரியர் அதை இரண்டு முறை பார்த்தார்.

"பையன் நல்லாத்தானே இருக்கான். பார்க்கிறவங்களுக்கு எப்படித் தெரியும்?"

"அதுதான் சார் பாடமே."

"தெரியணும்மா. தெரிஞ்சாதான் பாடம்."

விளம்பரங்களில் நடிக்கும் ஒரு பையனை அழைத்து வந்தார்கள். அவனால் மூன்று அளவுகளில் அழ முடிந்தது. பேராசிரியருக்கு இரண்டாவது அளவு பிடித்திருந்தது. அந்த மகிழ்ச்சியில் அவர் ஒரு சிற்றுரையும் ஆற்றினார், அதுவும் பாடத்தில் சேர்ந்துவிட்டது: "நாற்பது வருஷம் பல் செட் மாட்டியிருக்கேன். ஒரு செட் கூட என்கிட்ட அழுததில்ல. காரணம் என்ன? அணுகுமுறை."

நாற்பது நிமிடப் பாடம் நான்கு மணி நேரம் பத்து நிமிடம் ஆனது. தரம் உயர்ந்திருப்பதாகக் குறிப்பேட்டில் எழுதினார்கள், அதைத் தட்டச்சு செய்ததும் நான்தான்.

இதற்கெல்லாம் மூன்று வாரம் போய்விட்டது. தலைவி இப்போது ஜன்னல் பக்கம் போவதில்லை, கன்னத்தில் தானே அறைந்துகொள்கிறாள். அக்கா அந்தக் கையைப் பிடித்துக்கொண்டே தூங்கப் பழகிவிட்டாள். ஒருநாள் ஆபீஸுக்குப் போன் செய்து, பெரிய ஆஸ்பத்திரிக்கே கூட்டிக்கொண்டு போய்விடவா என்று கேட்டாள். போனுக்குப் பின்னால் அடி விழும் சத்தம் கேட்டது.

முன்னோட்டம் வைத்தார்கள். பாடத்தை வெளியிடுவதற்கு முன் முப்பது டாக்டர்களை உட்கார வைத்துப் பார்ப்பது. தேறுகிறவர்களுக்கு அன்றைக்கே சான்றிதழ். டாக்டரம்மாவின் பெயரை முதல் ஆளாக எழுதிவிட்டேன். பெரிய கூடம், முப்பது கம்ப்யூட்டர், முப்பது ஹெட்ஃபோன். குழு மேடையில் உட்கார்ந்திருந்தது. கண்காணிப்பாளர் அம்மா கையில் ஒவ்வொருவருக்கும் ஒரு மதிப்பீட்டுத் தாள் வைத்திருந்தார்.

முதல் பத்து நிமிடம் அமைதி. எல்லோரும் படித்தவர்கள், பொறுமையைப் பற்றி இயக்குநர் பேசுவதைப் பொறுமையாகக் கேட்டார்கள். மைக் அலறியதும் முப்பது கழுத்துகள் ஒன்றாகச் சுருங்கின. பிறகு மணி அடிக்க ஆரம்பித்தது.

இருபத்தைந்தாம் நிமிடத்தில் முன்வரிசையில் இருந்த வழுக்கைத் தலை டாக்டர் ஹெட்ஃபோனைக் கழுத்துக்கு இறக்கிவிட்டு இரண்டு காதையும் பொத்திக்கொண்டு குனிந்தார். அதனால் முகம் முட்டையை விட்டு விலகியது, ட்ரம்பெட் முழங்கியது, இன்னும் இறுக்கிப் பொத்திக்கொண்டார். அவருக்குப் பக்கத்தில் இருந்தவர் முன்னும் பின்னும் ஆட ஆரம்பித்தார், அவர் ஆடுவது அவருக்கே தெரிந்த மாதிரி இல்லை. ஒரு பெண் டாக்டர் "எப்ப முடியும்? எப்ப முடியும்?" என்று ஒரே குரலில் கேட்டுக்கொண்டே இருந்தார், யாரையும் பார்த்துக் கேட்கவில்லை. பல் வரிசை திருத்துவதில் பெயர் பெற்ற ஒருவர் மேசைக்கு அடியில் போய்விட்டார். ஒயரைப் பிடுங்கத்தான் போகிறார் என்று நினைத்தேன், இல்லை, அங்கேயே உட்கார்ந்துவிட்டார். கடைசி வரிசையில் ஒருவர் ஹெட்ஃபோனைத் தூக்கி எறிந்தார்.

கண்காணிப்பாளர் அம்மா தாளில் எழுதிக்கொண்டே நடந்தார். எனக்குத் தலைகீழாகத் தெரிந்தாலும் படிக்க முடிந்தது. ஒத்துழைப்பு இல்லை. ஒத்துழைப்பு இல்லை. முரட்டுத்தனம். ஒத்துழைப்பு இல்லை.

டாக்டரம்மா எதுவும் செய்யவில்லை. கையைத் தூக்கினார். தூக்கியபடியே வைத்திருந்தார். அந்தப் பாடத்தில் தூக்கிய கையை என்ன செய்வது என்று எதுவும் இல்லை. அது பாட்டுக்கு ஓடியது. நான் எழுந்து அவர் பக்கம் போகப் பார்த்தேன், தேர்வு நடக்கும்போது ஊழியர் நடமாடக் கூடாது என்று இயக்குநர் கண்ணாலேயே உட்கார வைத்தார். ஏழு நிமிடம் கழித்து டாக்டரம்மா ஹெட்ஃபோனைக் கழற்றி, மடித்து, பையை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

முப்பது பேரில் யாரும் தேறவில்லை.

மறுநாள் ஆய்வுக் கூட்டம். பாடத்தில் குறை இருக்கிறதா என்று பார்த்தார்கள், இல்லை. ஆகவே குறை கற்பவர்களிடம்தான். பேராசிரியர், ஆளுக்கு ஒரு உதவியாளரை நிறுத்தித் தலையை லேசாகப் பிடித்துக்கொள்ளச் செய்யலாம், அவர்கள் நல்லதுக்குத்தானே என்றார். கண்காணிப்பாளர் அம்மா நாற்காலியில் பெல்ட் வைத்தால் உதவியாளர் தேவைப்படாது என்றார். இயக்குநர் இரண்டையும் மறுத்தார், அவர் கனிவானவர். பயிற்சியில் உட்காருவதற்கான ஒரு முன்பயிற்சி கொடுக்கலாம், மூன்று மாதம், நேரடி வகுப்பு, பழகிவிடுவார்கள் என்றார்.

மூன்று மாதம். எங்கள் பல்லுக்கு இருந்தது பன்னிரண்டு நாள். நான் எழுந்துவிட்டேன்.

"சார், நேத்து அவங்க நடந்துக்கிட்டது அப்படியே நம்ம பன்னிரண்டாம் பக்கத்துல இருக்கு. காதைப் பொத்துறது, ஆடுறது, மேசைக்கு அடியில போறது. குழந்தைங்களை நாம எப்படி நடத்துறோமோ அப்படித்தான் இவங்களை நடத்தியிருக்கோம்."

கூட்டம் யோசித்தது. உண்மையாகவே யோசித்தது, அதை நான் மறுக்க மாட்டேன்.

"அப்போ முப்பது பேருக்கும் ஆட்டிசம்னு சொல்றீங்களா?" என்றார் இயக்குநர்.

"பார்த்தா தெரியலையே," என்றார் பேராசிரியர்.

அந்த இடத்தில்தான் எனக்குள் ஏதோ ஒன்று கழன்று விழுந்தது. அதற்குப் பிறகு நான் அவர்களுக்கு எதையும் புரியவைக்க முயற்சி செய்யவில்லை. உட்கார்ந்து, குரலைச் சரிசெய்துகொண்டு, முழுப் பாடத்தைத் தாங்கும் தகுதி இல்லாத டாக்டர்களுக்காக ஒரு எளிய பதிப்பு கொண்டுவரலாமே என்றேன். நாற்பது நிமிடம் போதும். ட்ரம்பெட், தொடக்கவுரை, மணி, முட்டை எதுவும் வேண்டாம், அதெல்லாம் ஒழுங்காக உட்காருகிறவர்களுக்கு. நிறுத்தும் பொத்தான் கூடக் கொடுத்துவிடலாம், பாவம்.

இயக்குநரின் முகம் இளகியது. "அவங்களால முடிஞ்சது அவ்வளவுதான்னா நாமதான் இறங்கி வரணும். ஒரு பெரிய நிறுவனத்துக்கு அதுதான் அழகு," என்றார்.

கண்காணிப்பாளர் அம்மா ஒரே ஒரு நிபந்தனை போட்டார். இரண்டு சான்றிதழும் ஒரே மாதிரி இருக்கக் கூடாது. ஆகவே எளிய பதிப்பின் சான்றிதழில், டாக்டரின் பெயருக்குக் கீழே, சிவப்பில், 'ஒத்துழைக்காதோர் பிரிவில் தேர்ச்சி பெற்றவர்' என்று அச்சிடப்படும். அதை நோயாளிகளின் கண்ணில் படும்படி மாட்டிவைக்க வேண்டும்.

என் கம்ப்யூட்டரில் பழைய கோப்பு அப்படியே இருந்தது. பெயரை மட்டும் மாற்றி அன்று மாலையே ஏற்றிவிட்டேன். டாக்டரம்மாவுக்குப் போன் செய்து விஷயத்தைச் சொல்ல எனக்குக் கூச்சமாக இருந்தது. இருபது வருட அனுபவம் உள்ளவர், அவரிடமிருந்தே கற்றுக்கொண்டு எழுதிய பாடம். அதை அவரே படித்துத் தேற வேண்டும், தேறினால் இப்படி ஒரு பட்டம். அவர் கேட்டுவிட்டுச் சிரித்தார். நாற்பது நிமிடத்தில் தேறினார். இரண்டு இடத்தில் எழுத்துப் பிழை இருப்பதாகவும் சொன்னார்.

எட்டாம் முறை. குறுகலான படி, மேலே இரண்டு அறை. தலைவி எங்கே போனாலும் சுவரில் எழுதியிருப்பதை எல்லாம் படிப்பாள். புதிதாக மாட்டிய சான்றிதழுக்கு முன்னால் போய் நின்றாள். வாரியத்தின் பெயர், எண், தேதி, முத்திரை, ஒன்று விடாமல் சத்தமாகப் படித்தாள். சிவப்பு வரியையும் படித்தாள். அந்தச் சொல் அவளுக்குப் புதிதில்லை, அவள் கோப்பிலும் முதல் பக்கத்தில் அதுதான் இருக்கிறது. திரும்பி டாக்டரம்மாவை மேலும் கீழும் பார்த்தாள்.

"பரவாயில்ல," என்றாள்.

போய் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

மரத்துப்போகும் ஊசிக்கு அக்காதான் கண்ணை மூடிக்கொண்டாள். எச்சில் உறிஞ்சும் குழாயைத் தலைவி முதலில் டாக்டரம்மா வாயில் வைத்துச் சோதித்தாள், பிறகு புதுக் குழாய் ஒன்றை வாங்கித் தன் வாயில் தானே பிடித்துக்கொண்டாள். துளைக்கும் கருவி ஓடும்போது டாக்டரம்மா ஐந்து வரை எண்ணுவார், ஐந்தில் நிறுத்துவார், வேலை பாதியில் இருந்தாலும் நிறுத்துவார். தலைவி நடுவில் நான்கு முறை கையைத் தூக்கினாள். ஒரு முறை வலி, மூன்று முறை வெறும் மேற்பார்வை என்று நினைக்கிறேன். ஐம்பது நிமிடம். நரம்பு தப்பித்தது. தற்காலிகமாக அடைத்திருக்கிறார், ஆறு வாரம் கழித்துத் திறந்து பார்த்து நிரந்தரமாக அடைக்க வேண்டும். இறங்கும்போது அக்கா படியிலேயே உட்கார்ந்து அழுதாள், தலைவி அவளைச் சுவர் ஓரமாக நகர்ந்து உட்காரச் சொன்னாள், வழியில் உட்காரக் கூடாதாம்.

இதோடு முடிந்திருந்தால் நான் உங்களைத் தொந்தரவு செய்திருக்க மாட்டேன்.

எளிய பதிப்பில் பத்து நாளில் நானூற்றுப் பன்னிரண்டு டாக்டர்கள் தேறிவிட்டார்கள். முழுப் பாடத்தில் இதுவரை ஒருவரும் இல்லை. இயக்குநருக்குக் கோபம் வரும் என்று பயந்தேன். அவர் கண் கலங்கியிருந்தார். இவ்வளவு ஒத்துழைக்காதவர்கள் இத்தனை வருடமாக நம் நடுவிலேயே இருந்திருக்கிறார்கள், நாம்தான் கண்டுபிடித்திருக்கிறோம் என்றார். அவர்களை அப்படியே விட்டுவிடுவது மனிதாபிமானம் ஆகாது. ஆகவே மாத முடிவோடு எளிய சான்றிதழ்கள் காலாவதியாகும். எல்லோரும் முழுப் பாடத்தில் உட்கார்ந்து மைய நீரோட்டத்தில் சேர வேண்டும். புதுச் சுற்றறிக்கை எல்லோருக்கும் போய்விட்டது. கட்டாயமாக்கும் பிரிவு இந்த முறையும் நேரத்துக்கு முடித்துவிட்டது.

தலைவியின் ஆறு வாரம் முடிவது அடுத்த மாதம் ஒன்பதாம் தேதி.

ஆனால் சுற்றறிக்கையின் கடைசிப் பக்கத்தில் ஒரு விலக்கு இருக்கிறது, நான்தான் தட்டச்சு செய்தேன், தப்பித்தோம் கடவுளே என்று இருந்தது. ஒத்துழையாமை நிரந்தரமானது, எந்தப் பயிற்சியாலும் மாறாது என்று நிரூபித்தால் அந்த டாக்டர் ஆயுள் முழுக்க எளிய சான்றிதழிலேயே இருக்கலாம். அதற்கு ஒரு படிவம். டாக்டரம்மாவிடம் கேட்டேன், "நிரந்தரம்னே போடும்மா, எனக்கென்ன," என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார். ஏழாவது கட்டத்தில் மட்டும் சிக்கல். 'ஒத்துழையாமை வெளிப்பட்ட விதம்.' கையைத் தூக்கினார், எழுந்து போனார் என்று எழுதினேன். கண்காணிப்பாளர் அம்மா பார்த்துவிட்டு, இதெல்லாம் லேசான வகை, முன்பயிற்சியிலேயே சரியாகிவிடும், நிரந்தரம் என்றால் உடல்ரீதியாக ஏதாவது இருக்க வேண்டும் என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

டாக்டரம்மாவிடம் சொன்னேன். கையுறையை மாட்டிக்கொண்டே கொஞ்சம் யோசித்தார்.

"கடிச்சேன்னு எழுதிடு. யாரைன்னு நீயே பார்த்துப் போட்டுக்கோ," என்றார்.

படிவம் என் முன்னால் இருக்கிறது, நாளைக்குக் கடைசி நாள். இயக்குநரை என்று எழுதினால் உடனே நம்புவார், ஆனால் அதையும் ஒரு உரையாக ஆக்கிப் பாடத்தில் சேர்த்துவிடுவார். பேராசிரியரை என்றால், வலித்ததா என்று அவரைக் கூப்பிட்டுக் கேட்பார்கள், அவர் நினைவில்லை என்று சொல்லிவிடக்கூடும். கண்காணிப்பாளர் அம்மாவையே போட்டுவிடலாம் என்றும் தோன்றுகிறது, தன் மேல் நடந்ததை அவர் குறித்து வைக்கத் தவறிவிட்டார் என்று அவரால் ஒப்புக்கொள்ள முடியாது, பேசாமல் கையெழுத்துப் போட்டுவிடுவார். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள், யாரைக் கடித்ததாக எழுதட்டும்?